சுட்டும் படம்: ஐதராபாத் கல்வி வளாகங்களும் ஒளிப்படமும்

1. படிக்கட்டும் சட்டகமும்

ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகக் கலைக் கல்லூரியின் படிக்கட்டுகளில் ஆண்டு முழுவதும் யாரேனும் படம் எடுத்துக்கொண்டே இருக்கின்றனர். பட்டமளிப்பு அங்கி அணிந்த மாணவர்கள், திருமணத்துக்கு முந்தைய படங்களுக்காக வந்த இணையர், காலை நடைக்கு வந்தவர்கள், வெளியூரிலிருந்து தேர்வெழுத வந்தவர்கள் எனப் பலரும் அதே முகப்பின் முன் நிற்கின்றனர். செல்பேசியைத் தரையளவுக்குத் தாழ்த்திப் பிடித்தால் நடுவளைவு முழுவதும் சட்டகத்துக்குள் வந்துவிடும் என்பதை முதலாண்டு மாணவர்களும் அறிவர். மழை நாளில் தேங்கிய நீரில் விழும் கட்டடத்தின் எதிருரு, தூண்களுக்கு இடையே ஒருவரை மட்டும் நிறுத்தி எடுக்கும் படம், மாலை வெயிலில் கல் நிறம் மாறும் வேளை ஆகியவை மாணவரிடமிருந்து மாணவருக்குச் சொல்லித்தரப்படும் நுட்பங்கள்.

இத்தகைய படங்களை ஆய்வுலகம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சமூக ஊடகத்தில் ஒருநாள் விரும்பப்பட்டு மறுநாள் மறக்கப்படும் அலங்காரம் என்றே அவை கருதப்படுகின்றன. ஆனால் ஐதராபாத்தின் கல்வி வளாகங்களில் எடுக்கப்பட்ட படங்கள் அரசவையின் பெருமையாகவும், மாநிலக் கோரிக்கையின் அடையாளமாகவும், சாதிய விலக்கலின் சாட்சியமாகவும், நீதிமன்றத்தின் முன் வந்த காட்சியாகவும் வெவ்வேறு காலங்களில் செயல்பட்டிருக்கின்றன. ஒரு வளாகப் படம் எப்போது வரலாற்று ஆவணம் ஆகிறது, எப்போது அத்தகுதியை இழக்கிறது என்னும் கேள்விக்கு இந்நகரம் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது.

2. அரசவையின் ஒளிப்படக்காரர்

இந்தியாவில் கல்விச்சாலையும் ஒளிப்படமும் தொடக்கத்திலேயே இணைந்தவை. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே ஒளிப்படக் கலை பயிற்றுவிக்கப்பட்டது. கட்டடங்களையும் சிற்பங்களையும் பதிவு செய்யும் பணிக்கு ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. பொறியியல் கல்வி பெற்ற ஒருவர் அத்தேவையின் வழியே ஐதராபாத்தின் முதன்மையான ஒளிப்படக்காரர் ஆனார்.

லாலா தீன் தயாள் 1844இல் மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் பிறந்தவர். ரூர்க்கியிலிருந்த தாமசன் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். இந்தூரில் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் பணியாற்றியவர். 1870களில் ஒளிப்படத்தில் ஈடுபட்ட அவர், அடுத்த பத்தாண்டில் அரசுப் பணியை விட்டு அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் அரசவை ஒளிப்படக்காரராக அமர்ந்து, செகந்திராபாத்தில் நிலையம் அமைத்தார். 1894இல் நிஜாம் அவருக்கு 'முஸவ்விர் ஜங்' என்னும் பட்டத்தை அளித்தார். அரபு வழி உருதுச் சொல்லான 'முஸவ்விர்' ஓவியனைக் குறிப்பது. ஒளிப்படக்காரருக்குத் தனிப் பெயர் தேடாமல் ஓவியனின் பெயரையே அரசவை வழங்கியது கவனத்துக்குரியது.

கண்ணாடித் தகடுகளில் எடுக்கப்பட்ட தீன் தயாளின் படங்களில் அரண்மனைகள், படையணிகள், அலுவலகங்கள், விருந்துகள், வேட்டைகள் என நிஜாம் ஆட்சியின் முழுத் தோற்றமும் இருக்கிறது. அவற்றைக் கேட்டவரும் பார்த்தவரும் ஒரே வட்டத்தினர். படங்கள் தொகுப்பேடுகளாகக் கட்டப்பட்டு வைஸ்ராய்களுக்கும் விருந்தினர்களுக்கும் பரிசளிக்கப்பட்டன. 1902இல் வாரங்கல் பகுதியின் நெக்கொண்டாவில் கர்சன் தம்பதியர் சுட்டு வீழ்த்தப்பட்ட புலியின் பின்னே நிற்கும் படம் அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. வேட்டை முடிந்த பின், ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தை ஒழுங்குபடுத்தி எடுத்த படம் அது. எனினும் புலி அங்கே கிடந்தது. அவர்கள் அங்கே நின்றனர். அமைத்து எடுத்த படமும் இருந்த ஒன்றையே காட்டுகிறது என்னும் இச்செய்தி பின்னர் தேவைப்படும்.

1892இல் தீன் தயாள் ஐதராபாத்தில் பெண்களுக்கெனத் தனி ஒளிப்பட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். உயர்ந்த மதில்களுக்குள் அமைந்த அதனைக் கென்னி லெவிக் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி நடத்தினார். திரைக்குள் வாழ்ந்த மேற்குடிப் பெண்கள் ஆடவர் பார்வை படாமல் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். படத்தில் தோன்றலாம், படம் எடுக்கும் இடம் மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது அக்கால ஏற்பாடு. ஒரு பெண் எங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்னும் கேள்விக்கு ஐதராபாத்தின் அடுத்த நூற்றாண்டு அளித்த விடையை மூசி ஆற்றின் வடகரையிலுள்ள மற்றொரு கட்டடத்தில் காணலாம்.

3. மாளிகையும் அதன் சிறு மாதிரியும்

கோட்டி பகுதியிலுள்ள பிரித்தானிய ரெசிடென்சி 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் எழுந்தது. அப்போது ரெசிடென்டாக இருந்தவர் ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பாட்ரிக். வடிவமைத்தவர் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த சாமுவேல் ரசல். உயர்ந்த கொரிந்தியத் தூண்கள், அகன்ற படிக்கட்டு, இருபுறமும் சிங்கச் சிலைகள் என அதன் முகப்பு முழுவதும் பார்ப்பவரை வியக்கவைப்பதற்காகவே அமைந்தது. பணம் நிஜாமுடையது, அது பறைசாற்றிய அதிகாரம் கிழக்கிந்தியக் கும்பினியுடையது.

கிர்க்பாட்ரிக் மணந்த கைருன்னிசா பேகம் ஐதராபாத்தின் மேற்குடியைச் சேர்ந்தவர். திரைக்குள் வாழ்ந்த அவர் மாளிகையின் முன்புறத்துக்கு வந்து அதனைப் பார்க்க இயலாததால், அதன் சிறு மாதிரி ஒன்று அந்தப்புரத் தோட்டத்தில் அவருக்காகக் கட்டப்பட்டது என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கதை எவ்வளவு உண்மையாயினும் மாதிரி உண்மை. அது வளாகத்தில் இன்றும் இருக்கிறது. நேரில் காண முடியாத கட்டடத்துக்கு ஈடாக அதன் உருவைத் தருவது என்னும் எண்ணம் ஒளிப்படம் தோன்றுவதற்கு முன்பே அங்கே செயல்பட்டிருக்கிறது.

1924இல் தொடங்கப்பெற்ற உஸ்மானியா பல்கலைக்கழக மகளிர் கல்லூரி 1949இல் இம்மாளிகைக்கு இடம் மாறியது. கும்பினியின் தூதர் குடியிருந்த இடம் பெண்கள் படிக்கும் இடமாயிற்று. முன்புறத்துக்கு வரக்கூடாதவராக ஒரு பெண் வாழ்ந்த வளாகத்தின் அதே முன்புறப் படிகளில், ஒவ்வோராண்டும் வகுப்பு முடித்த மாணவியர் வரிசை வரிசையாக நின்று குழுப்படம் எடுத்துக்கொள்ளலாயினர். கட்டடம் சிதைந்தபோது 2002இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அதனை அழிவுக்குள்ளாகும் மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னர் மீட்டமைக்கும் பணிகள் நடைபெற்றன. 2022இல் கல்லூரி மகளிர் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தில் தன் நிலத்துக்காக நின்ற சலவைத் தொழிலாளர் குலத்துப் பெண்ணான சாகலி ஐலம்மாவின் பெயரை 2024இல் அது பெற்றது.

தூண்களின் முன் செல்பேசியோடு நிற்கும் மாணவி, இவ்வரலாறு அனைத்தையும் எண்ணிக்கொண்டு படம் எடுப்பதில்லை. அவள் எண்ண வேண்டியதும் இல்லை. ஆயினும் 1892இல் மதிலுக்குள் எடுக்கப்பட்ட படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையிலுள்ள தொலைவு அவள் நிற்கும் இடத்திலேயே பதிவாகிவிடுகிறது. முகத்தை மட்டும் காட்டும் படத்தில் அது தெரியாது. பின்னணியும் நிற்கும் இடமும் சேரும்போதே படம் தனிமனித நினைவைக் கடந்து செல்கிறது.

4. முகப்பு

உஸ்மானியா பல்கலைக்கழகம் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் ஆணையால் 1918இல் நிறுவப்பட்டது. இந்திய மொழி ஒன்றை உயர்கல்வியின் பயிற்றுமொழியாக்கியது அதன் தனிச்சிறப்பு. அதற்காக 1917இலேயே மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டு, மருத்துவம் முதல் வரலாறு வரை உருதுவில் நூல்களும் கலைச்சொற்களும் ஆக்கப்பட்டன. மொழி உருதுவாக இருந்ததும், அரசின் மக்களில் பெரும்பாலோரின் தாய்மொழி தெலுங்காகவும் மராத்தியாகவும் கன்னடமாகவும் இருந்ததும் அச்சாதனைக்குள்ளேயே இருந்த முரண். 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்த பிறகு பயிற்றுமொழி ஆங்கிலமாக மாற்றப்பட்டது.

கலைக் கல்லூரிக் கட்டடத்தைத் திட்டமிடுமுன் நவாப் ஜைன் யார் ஜங், சையது அலி ரஜா ஆகிய இருவரும் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களைக் கண்டுவர அனுப்பப்பட்டனர். பெல்ஜியக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஜாஸ்பர் வடிவமைப்பை வரைந்தார். 1934இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1939 டிசம்பரில் கட்டடம் திறக்கப்பட்டது. எல்லோரா, அஜந்தாத் தூண்களை நினைவூட்டும் தூண்களும் இசுலாமிய மரபின் வளைவுகளும் இளஞ்சிவப்புக் கிரானைட்டில் ஒன்றிணைந்தன. சமயங்களின் இணக்கத்தைக் கல்லில் காட்டுவதாக அரசு அதனைப் பெருமையோடு முன்வைத்தது.

அக்கட்டடம் எழுந்துகொண்டிருந்த 1938இலேயே பல்கலைக்கழக விடுதியில் 'வந்தே மாதரம்' பாடிய மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலரை நாகபுரிப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் தலைமை அமைச்சரான பி.வி. நரசிம்ம ராவ் அவர்களுள் ஒருவர். முகப்பு சொன்ன இணக்கத்தை விடுதி மறுத்தது எனலாம். பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட முகப்பு எதைக் காட்ட விரும்புகிறதோ அதை மட்டுமே காட்டுவதில்லை. அதன் முன் நிற்பவர் மாறும்போது பொருளும் மாறுகிறது.

1969இல் தனித் தெலங்கானா கோரிக்கைக்காக உஸ்மானியா மாணவர்கள் திரண்டபோதும், 2009 நவம்பர் இறுதியில் அக்கோரிக்கை மீண்டும் எழுந்தபோதும் அம்மாற்றம் கண்கூடாயிற்று. 2009 டிசம்பரில் கலைக் கல்லூரியின் முன் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நிகழ்ந்தன. 2010 ஜனவரி 3 அன்று நீதிமன்ற அனுமதியோடு 'வித்யார்த்தி கர்ஜனா' என்னும் மாணவர் பேரணி அங்கே கூடியது. தொலைக்காட்சி, நாளிதழ், அப்போது பரவத் தொடங்கியிருந்த கேமரா செல்பேசிகள் ஆகிய மூன்றின் படங்களிலும் பின்னணியில் நின்றது அதே நடுவளைவுதான். நிஜாமின் பெருமையைக் காட்டக் கட்டிய முகப்பு, நிஜாமின் பழைய ஆட்சிப் பகுதியினுடைய மக்களின் கோரிக்கைக்குச் சின்னமாயிற்று. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா மாநிலம் உருவானது. இன்று அம்முகப்பின் முன் செல்ஃபி எடுப்பவரின் படத்தில் இவ்விரு அடுக்குகளும் தாமாகவே வந்து அமர்ந்துவிடுகின்றன.

இதே முகப்பு கல்லூரிக் குழுப்படத்தின் பழைய இலக்கணத்தையும் குலைத்தது. ஆசிரியர்கள் முன்வரிசை நாற்காலிகளில், முதல்வர் நடுவில், மாணவர்கள் பின்னே நின்றவண்ணம், மாணவியர் ஒருபுறம் என்பது தென்னிந்தியக் கல்லூரிகள் அனைத்திலும் நிலவிய வரிசைமுறை. அதிகாரத்தின் படிநிலையை ஒரே பார்வையில் படிக்க உதவும் வாக்கியம் போன்றது அது. பேரணியின் படத்தில் நாற்காலி இல்லை; நடு என்னும் இடமும் இல்லை. செல்பேசியில் எடுக்கும் படத்தில் எடுப்பவரே படத்துக்குள்ளும் இருக்கிறார். வரிசையை விதித்தவரிடமிருந்து சட்டகத்தைத் தீர்மானிக்கும் உரிமை மாணவரிடம் வந்து சேர்ந்தது.

5. பாறையும் வெலிவாடாவும்

1969இன் தெலங்கானா எழுச்சிக்கும் 1972இன் ஆந்திர எழுச்சிக்கும் பின் 1973இல் வகுக்கப்பட்ட ஆறு அம்சத் திட்டம், ஐதராபாத்தில் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றை அமைக்க வேண்டும் என்றது. 1974இல் சரோஜினி நாயுடு குடும்பத்தின் இல்லமான 'கோல்டன் திரஷோல்டு' என்னும் வீட்டில் ஐதராபாத் பல்கலைக்கழகம் தொடங்கியது. பின்னர் நகரின் மேற்கே, அன்று மேய்ச்சல் நிலமும் பாறைகளுமாக இருந்த கச்சிபௌலிக்கு அது இடம் மாறியது.

உஸ்மானியாவைப் போன்ற முகப்பு அங்கே இல்லை. அவ்வளாகத்தின் அடையாளமாக மாணவர்கள் தேர்ந்துகொண்டது காளான் வடிவில் நிற்கும் ஒரு பாறை. தக்காணத்தின் கிரானைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது; வெயிலும் மழையும் அரித்து உருண்டைகளாகவும் அடுக்குகளாகவும் விட்டுச்சென்ற பாறைகளுள் ஒன்று அது. புதிதாகச் சேர்ந்த மாணவர் முதல் வாரத்திலேயே அங்கு சென்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். மயில் ஏரி, எருமை ஏரி, மான்கள், இருநூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் ஆகியவை ஆண்டாண்டாக மாணவர்களின் படங்களில் சேர்ந்துகொண்டே வந்தன. எவரும் ஆவணம் தொகுக்கிறோம் என்று எண்ணி அவற்றை எடுக்கவில்லை.

அவ்வளாகத்தின் மற்றொரு படம் அழகுக்காக எடுக்கப்பட்டதன்று. 2016 ஜனவரி தொடக்கத்தில், அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். படுக்கையும் உடைமைகளும் சுமந்து அவர்கள் வெளியேறும்போது எடுக்கப்பட்ட படத்தில் ரோஹித் வேமுலா அம்பேத்கரின் உருவப்படத்தை ஏந்தியிருக்கிறார். வெளியேற்றப்பட்டவர்கள் வளாகத்தின் கடைவீதிப் பகுதியில் கூடாரம் அமைத்துத் தங்கினர். அவ்விடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டனர். ஜனவரி 17 அன்று ரோஹித் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் அந்தப் படம் நாடெங்கும் சுவரொட்டிகளிலும் மாணவர் கூட்டங்களிலும் இடம்பெற்றது.

'வெலி' என்னும் தெலுங்குச் சொல் தமிழின் 'வெளி'யோடு ஒரே வேர் உடையது. தெலுங்கில் அது ஊர்விலக்கத்தையும் குறிக்கும். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட குடியிருப்பு என்பதே 'வெலிவாடா'வின் பொருள். தமிழ்நாட்டில் 'சேரி' சுமக்கும் சுமையை அங்கே அச்சொல் சுமக்கிறது. வளாகத்தின் நடுவே நின்று அதற்கு 'வெளி' என்று பெயரிட்டது, உள்ளே இருந்தும் வெளியே நிறுத்தப்பட்ட நிலையை ஒரே சொல்லில் கூறிய செயல். படமும் அதையே செய்தது. பல்கலைக்கழக விடுதி, அதன் பாதை, படுக்கைச் சுமை, அம்பேத்கரின் உருவம் ஆகிய நான்கும் ஒரே சட்டகத்தில் வந்ததால் அதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. ரோஹித்தின் முகத்தை மட்டும் காட்டும் படங்கள் பல இருக்கின்றன. நினைவில் நிலைத்தது இடத்தோடு சேர்ந்த இப்படம்.

6. 2025 மார்ச் இறுதி

வளாகத்தை ஒட்டிய 400 ஏக்கர் நிலம் 'கஞ்ச கச்சிபௌலி' எனப்படும். 'கஞ்ச' என்னும் தெலுங்குச் சொல் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தைக் குறிப்பது. இந்நிலத்தின் உரிமை பற்றிய வழக்கு இருபதாண்டு நீண்டது. வழக்கின் முடிவில் நிலம் தனதே என்று மாநில அரசு கூறியது. தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்காக அதனை மேம்படுத்த முனைந்தது. காடாக மாறிவிட்ட நிலத்தை அழிக்கக் கூடாது என்று மாணவர்கள் எதிர்த்தனர். 2025 மார்ச் 30 உகாதி. 31 ரமலான் பெருநாள். அவ்விடுமுறை நாட்களில் மண்வாரி இயந்திரங்கள் உள்ளே நுழைந்தன. தடுக்க முயன்ற மாணவர்கள் காவலில் எடுக்கப்பட்டனர்.

வாயிலைக் காவல்துறை காத்த நிலையில், உள்ளே நடப்பதை வெளியுலகம் அறிந்தது மாணவர்களின் செல்பேசிகள் வழியாக. விடுதி மாடிகளிலிருந்தும் பாறை மேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்ட படங்களில், மாணவர்கள் ஆண்டாண்டாக அழகுக்காகப் படம் எடுத்த அதே நிலப்பரப்பு இயந்திரங்களோடு தோன்றியது. பழைய படங்கள் இப்போது புதிய பொருள் பெற்றன. அங்கே மரம் இருந்தது, மயில் வந்தது, மான் நின்றது என்பதற்கு முந்தைய ஆண்டுகளின் பொழுதுபோக்குப் படங்கள் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டன.

ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்விவகாரத்தை எடுத்துக்கொண்டது; நேரில் சென்று பார்த்து அன்றே அறிக்கை தருமாறு தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் பதிவாளருக்கு ஆணையிட்டது. ஏறத்தாழ 100 ஏக்கரில் மரங்கள் அழிக்கப்பட்டதையும், பெரிய இயந்திரங்கள் பயன்படுத்தப்பட்டதையும், மயில்களும் மான்களும் காணப்பட்டதையும் அறிக்கை கூறியது. பணிகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 16 அன்று மீண்டும் விசாரித்தபோது, புகலிடம் தேடி ஓடும் விலங்குகளின் காணொலிகளைக் கண்டு கவலையுற்றதாக நீதிமன்றம் குறிப்பிட்டது.

இதே நாட்களில் மற்றொரு நிகழ்வும் நடந்தது. மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில்தான் எந்தப் படத்தையும் ஜப்பானின் ஜிப்லி அசைவூட்டப் பாணிக்கு மாற்றும் செயற்கை நுண்ணறிவுக் கருவி உலகெங்கும் பரவியிருந்தது. காளான் பாறை, மண்வாரி இயந்திரங்கள், மயில், மான் ஆகியவற்றைச் சேர்த்து ஆக்கப்பட்ட உருவங்கள் கச்சிபௌலிக்கு ஆதரவாகப் பெருமளவில் பகிரப்பட்டன. சில, ஓவியம் என்று பார்த்தவுடனே தெரிந்தன. சில, ஒளிப்படம்போலவே தோன்றின. நீதிமன்றம் தலையிட்ட சில நாட்களில், செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட பொய்யான உள்ளடக்கம் பரப்பப்பட்டது என்று கூறி முதலமைச்சர் விசாரணைக்கு ஆணையிட்டார். மூத்த இ.ஆ.ப. அதிகாரி ஒருவர், அத்தகைய படம் ஒன்றைப் பகிர்ந்ததற்காகக் காவல்துறையின் அறிவிக்கையைப் பெற்றார்.

உருவங்களை ஆக்கியவர்களின் நோக்கம் பெரும்பாலும் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் விளைவு வேறாயிற்று. 100 ஏக்கர் அழிவைப் பற்றி நிகழ வேண்டிய விவாதத்தின் ஒரு பகுதி, எந்தப் படம் உண்மை என்னும் விவாதமாகத் திசைதிரும்பியது. வெறுங்காலோடு பாறையேறி எடுக்கப்பட்ட படத்தின் மீதும், அறையிலிருந்தபடி ஒரு வரி கட்டளையிட்டு ஆக்கப்பட்ட உருவத்தின் மீதும் ஒரே ஐயம் விழுந்தது. மறுக்க விரும்புபவருக்கு ஒரு பொய் போதும்; அதைக் காட்டி உண்மைகளையும் ஒதுக்கிவிடலாம். இந்நிகழ்வில் மாணவர்களுக்குத் துணையாக நின்றது பதிவாளரின் நேரடிப் பார்வை. ஒவ்வொரு வளாகத்துக்கும் அத்தகைய வாய்ப்பு ஒரே நாளில் கிடைத்துவிடாது.

7. நிழல், ஒளி, புகை

தமிழில் 'நிழற்படம்', 'ஒளிப்படம்', 'புகைப்படம்' என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தெலுங்கின் 'சாயாசித்ரம்' நிழலைப் பற்றி நிற்பது. உருதுவில் 'அக்காஸி' என்பது, எதிருருவைக் குறிக்கும் 'அக்ஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. சொற்கள் வேறாயினும் அவற்றின் அடியிலுள்ள கருத்து ஒன்றே. பொருள் இல்லாமல் நிழல் விழாது. எதிரே ஒன்று இல்லாமல் எதிருருவும் இராது. புகையை வைத்து நெருப்பை உய்த்துணர்வது மணிமேகலையின் அளவைப் பகுதியிலும் இடம்பெறும் பழைய எடுத்துக்காட்டு. ஒளிப்படத்துக்கு இம்மொழிகள் அளித்த பெயர்கள் அனைத்தும், எதிரே இருந்த ஒன்றின் தடம் அது என்பதை ஒப்புக்கொள்கின்றன.

மொழியியலில் இத்தகைய குறியைச் சுட்டு எனலாம். தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைக் கூறும். இடைத்தொலைவைக் காட்டும் உகரச் சுட்டு தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட, ஈழத்தமிழில் 'உது', 'உவன்' என இன்றும் வாழ்கிறது. சுட்டுச்சொல்லுக்குத் தனியே பொருள் நிறைவு இல்லை. 'இது' என்று ஒருவர் எழுதி வைத்துச் சென்றால், எங்கே நின்று எப்போது சொன்னார் என்பது தெரியாதவரை அச்சொல்லால் பயனில்லை. ஒளிப்படமும் அவ்வாறே. 'இது இங்கே இருந்தது' என்று அது சொல்கிறது. 'இங்கே' எது, 'இருந்தது' எப்போது என்பதை எடுத்தவரே சேர்க்க வேண்டும்.

இவ்வகையில் பார்த்தால் படைப்பாற்றலுக்கும் நம்பகத்தன்மைக்கும் பகை இல்லை. தாழ்ந்த கோணம், நீரில் விழும் எதிருரு, தூண்களுக்கு இடையே வெட்டிய சட்டகம், கர்சன் படத்தைப்போல் நிற்கவைத்து எடுத்த அமைப்பு ஆகிய எவையும் சுட்டை அழிப்பதில்லை. எதிரே இருந்ததை எவ்வாறு பார்ப்பது என்பதையே அவை தேர்கின்றன. இல்லாத மயிலைச் சேர்க்கும் கணத்தில் சுட்டு அறுந்துவிடுகிறது. பின்னர் அந்த உருவம் ஓவியமாக வாழலாம். ஓவியம் என்று சொல்லிக்கொண்டு வாழ்வதே முறை.

நடைமுறையில் வேறொரு இழப்பும் நிகழ்கிறது. செல்பேசியில் எடுக்கும் படத்தோடு நாள், நேரம், சில வேளைகளில் இடம் ஆகியவை பதிவாகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அவை பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன, படமும் சுருக்கப்படுகிறது. ஊடகங்களில் சுற்றிவரும் படம் தன் பிறப்பிடத்தை இழந்த படம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தருவோர் அதன் ஹாஷ் மதிப்பு அடங்கிய சான்றிதழைத் தர வேண்டும் என்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும். ஆகவே மூலக்கோப்பைத் தொடாமல் பாதுகாப்பதும், பகிர்வதற்குப் படியைப் பயன்படுத்துவதும் சட்டத்தின் நோக்கிலும் தேவையாகின்றன.

தீன் தயாளின் கண்ணாடித் தகடுகள் பல இன்று தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அரசவைக்குத் தன் படங்களைக் காக்க ஆளும் பொருளும் இருந்தன. மாணவரின் படங்களுக்கு அத்தகைய காப்பகம் இல்லை. செல்பேசி பழுதானாலோ கணக்கு மூடப்பட்டாலோ ஒரு தலைமுறையின் வளாகம் மறைந்துவிடும். துறை நூலகங்களும் மாணவர் அமைப்புகளும் ஆண்டுதோறும் மூலக்கோப்புகளைத் திரட்டி வைப்பது பெருஞ்செலவு வேண்டும் பணியன்று. படத்தின் கீழே நான்கு செய்திகள் இருந்தால் போதும்: நாள், இடம், எடுத்தவர் நின்ற திசை, மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா என்னும் குறிப்பு. போராட்டக் காலத்தில் எடுப்பவரின் பெயரை வெளியிடாமல் காப்பதும் அதன் பகுதியாக வேண்டும்.

கச்சிபௌலியில் எந்தப் படம் பின்னாளில் தேவைப்படும் என்று 2024இல் எவரும் அறிந்திருக்கவில்லை. மயில் ஏரிக் கரையில் நண்பரை நிறுத்தி எடுத்த படத்தில், நண்பருக்குப் பின்னே இருந்த மரங்களே அடுத்த ஆண்டு பேசுபொருளாயின. வளாகத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு படத்துக்கும் அத்தகைய பின்னணி ஒன்று உண்டு. அதன் நாளையும் இடத்தையும் அன்றே எழுதி வைப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும்.